கரண்ட்காரர் படம்

எங்கள் அணுபுரத்தில் அந்தப் படத்துக்குக் ‘கரண்ட்காரர் படம்’ என்று பெயர். அதன் ஹிந்திப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. கரண்ட்காரர் படம் என்று சொன்னால் பால் வாங்க வரிசையில் நிற்பவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். அந்தப் படத்தில் கரண்ட்காரர் என்று ஒருவரே கிடையாது என்பது எனக்குத் தெரிய வந்தபோது நான் படித்து முடித்து நாவலூரில் வேலைக்கும் சேர்ந்துவிட்டிருந்தேன். அவரை அந்தப் படத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தது சாட்சாத் என் அம்மா.

அம்மா செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் கழனியில் நடவு நட்டும் களை பறித்தும் பிழைத்தவர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு சிஸ்டர் பிரியப்பட்டு ஹிந்தி சொல்லித்தர, இவள் விடாப்பிடியாகப் பரீட்சைமேல் பரீட்சை எழுதிக் கடைசிப் பரீட்சை வரைக்கும் போய்விட்டாள். அணுமின் ஆலையில் வேலை பார்த்த அப்பாவைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், ‘இங்கு ஹிந்தி கற்றுத் தரப்படும்’ என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்டியது. சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டு வாசலில் பிள்ளைகளின் செருப்பு குவிந்துவிடும். அப்பாவின் மேலதிகாரி வீட்டு அம்மாகூட அவளை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார். அவள் பிறந்த குடும்பத்தில் அதற்கு முன் யாரையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மழை விட்டதும் முதலில் அந்தப் பலகையைத்தான் முந்தானையால் துடைப்பாள்.

ஆனால் அவளுடையது பரீட்சை ஹிந்தி. காட்டில் தண்ணீர் குடிக்கப் போன மானின் கதையை ஒரு பிசிறில்லாமல் சொல்வாள். வெங்காயம் என்ன விலை என்று ஒரு ஹிந்திக்காரர் வேகமாகக் கேட்டால் திருதிருவென்று முழிப்பாள். இந்த விஷயம் எங்கள் வீட்டுச் சுவருக்குள் மட்டும் இருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமூகக் கூடத்தில் வீடியோ டெக் வைத்துப் படம் போடுவார்கள். கேசட் திருக்கழுக்குன்றத்துக் கடையிலிருந்து வரும். ஒரு ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, விடாத மழை. கடையில் இருந்த தமிழ்ப் படங்களை எல்லாம் யார் யாரோ முன்பே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். வாங்கப் போனவர் நனைந்துகொண்டே கொண்டுவந்தது ஒரு ஹிந்திக் காமெடிப் படம். சொந்த ஊரிலேயே ஒரு வாரம்கூட ஓடாத படம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஹிந்திப் படம் என்றதும் ஜனங்கள் குடையைத் தேட ஆரம்பித்தார்கள். குடியிருப்பு மன்றச் செயலாளருக்குப் பொறுக்கவில்லை.

“யாரும் போவாதீங்க! நம்ம டீச்சரு கீறாங்க இல்ல? அவங்க கத சொல்லுவாங்க” என்று கத்தினார்.

கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் அம்மாவிடம் படிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்? டிவிக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தார்கள்.

படத்தில் ஒரு கல்யாண வீடு. சீரியல் பல்பெல்லாம் மின்னுகிறது. பெரிய மீசைக்காரர் ஒருவர் தோல் பையோடு உள்ளே நுழைகிறார். யாரிடமும் பேசாமல் சுவரை அண்ணாந்து பார்க்கிறார். வாசல் வேலைக்காரனிடம் மட்டும் கிசுகிசுவென்று ஏதோ சொல்கிறார். அம்மா ஒரு கணம் தயங்கினாள். கூடமே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இவரு... கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரு” என்றாள்.

அடுத்த காட்சியில் கல்யாண வீடே அந்த மீசைக்காரர் காலில் விழுந்தது. சர்பத் கொடுத்தார்கள். பெரிய கட்டிலில் உட்காரவைத்து விசிறினார்கள். ஒரு ஆள் கால் அமுக்கினான். பின்னாலிருந்து ஒரு குரல்: “இன்னாடா இது, ரீடிங் எடுக்க வந்தவனுக்கா இந்த மரியாத?”

அம்மா சளைக்கவில்லை. “கல்யாண லைட்டு மொத்தமும் திருட்டுக் கரண்ட்டு. போஸ்ட்டுலேர்ந்து கொக்கி போட்டு இழுத்துகினு கீறாங்க. மாட்டிக்கப் போறோம்னு பயம்!”

எங்கள் ஊரோ கரண்ட் தயாரிக்கிற ஆலையின் ஊர். அங்கே உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் அதுதான் பிழைப்பு. சிரிப்பு வெடித்த வெடியில் மழைச் சத்தம் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் படத்தில் விளக்கெல்லாம் அணைந்து, கல்யாண வீட்டார் தலைதெறிக்க ஓடினார்கள். செயலாளர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார். கடைசியில் பெண்ணைப் பெற்றவரும் மீசைக்காரரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். “கொக்கிய எடுத்துடறேன்னு சத்தியம் பண்றாரு, இவரு மன்னிச்சுட்டாரு” என்றாள் அம்மா. மணமேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மீசைக்காரர் ஏன் உட்காருகிறார் என்று ஒரு பொடியன் கேட்டான். “திரும்ப யாரும் கொக்கி போடாம காவலுக்கு” என்றாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டேன். உலகத்திலேயே பெரிய அறிவாளி என் அம்மாதான் என்று அன்று முடிவு செய்தேன்.

கூடத்தில் ஒரே ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில், கான்பூரிலிருந்து வந்த புதுப்பெண். வீட்டுக்காரருக்கு ஆலையில் வேலை கிடைத்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தமிழில் ஒரு சொல் தெரியாது. அவள் படத்தைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்த அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கதவைத் திறக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். வந்தவள் கையால் ஜாடை காட்டி, ஹிந்தியை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொன்னது இவ்வளவுதான்: எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள். அம்மா விட்ட பெருமூச்சின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

தமிழ் என்றால் அம்மாவின் தமிழ்தான். ஒரே வருஷத்தில் கான்பூர் அக்கா தேர்ந்துவிட்டாள். ஒருமுறை எங்களோடு மாமல்லபுரத்துக்கு வந்தவள், கடற்கரையில் மீன் விற்ற அம்மாவிடம், “இன்னாமா, இம்மாந்தூண்டு மீனுக்கு இந்த வெலையா? நாங்க பக்கத்தூருதான், ஏமாத்தாத” என்று கேட்டாள். மீன்கார அம்மா ஒரு மீனைக் கூடவே போட்டுக் கொடுத்தார். அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட்டாள், பிள்ளை பெற்றாள், என் பூப்பு நீராட்டு விழாவில் அம்மாவைவிட அதிகமாக ஆடினாள்.

கரண்ட்காரர் படமும் வளர்ந்தது. பொங்கல் லீவு வந்தால் அதைப் போட்டே ஆக வேண்டும். கேசட் தேய்ந்து மீசைக்காரர் முகத்தில் கோடு கோடாக ஓடியபோதும் போட்டார்கள். அம்மாவும் ஒவ்வொரு தடவையும் கதையில் கொஞ்சம் காரம் சேர்த்தாள். அவர் பைக்குள் இருப்பது ஃப்யூஸ் கட்டை என்றாள். மாற்றலாகிப் போனவர்கள்கூட அதற்காகவே லீவு போட்டு வந்தார்கள். எங்கள் தெருவில் யாராவது மிதமிஞ்சிய மரியாதை காட்டினால், “இன்னா, கொக்கி போட்டுகீறியா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அப்புறம் நான் நாவலூருக்குப் போனேன். படூரில் நாலு பெண்களாக ஒரு ஃபிளாட். அலுவலகத்தில் பக்கத்து மேசைகளில் டெல்லி, லக்னோ பிள்ளைகள். தியேட்டரில் படுத்துவிட்ட அந்தப் படம், டிவியில் திரும்பத் திரும்ப வந்து வந்தே வடக்கில் பெரிய கொண்டாட்டமாகிவிட்டிருந்தது. அவர்கள் தேநீர் குடிக்கும்போது அதன் வசனத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். என் படம் அல்லவா! சும்மா இருப்பேனா? கரண்ட்காரருக்குக் கால் அமுக்கும் காட்சியை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. “எந்தக் கரண்ட்காரர்?” என்றார்கள்.

அன்று அறைக்குப் போய், வசனம் கீழே ஆங்கிலத்தில் ஓட அந்தப் படத்தைப் பார்த்தேன். மீசைக்காரர் மாப்பிள்ளையின் அப்பா. பெண் வீட்டாரின் லட்சணத்தைச் சோதிக்க யாருக்கும் தெரியாமல் ஒருநாள் முன்னதாகவே வருகிறார். வேலைக்காரன் ரகசியத்தை உளறிவிடுகிறான். எல்லாரும் தெரியாதது போலவே அவரைத் தாங்குகிறார்கள். அவ்வளவுதான் கதை. சுவரில் அவர் அண்ணாந்து பார்த்தது மீட்டரை இல்லை, ஒரு தாத்தாவின் படத்தை. எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. இத்தனை வருஷம் நான் சத்தியம் செய்து வந்த அறிவாளி!

அந்த வாரமே ஊருக்குப் போய் அம்மாவை மடக்கினேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தெரியும்டி. லைட்டு அணையறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு போச்சு” என்றாள்.

“அப்புறம் ஏன் நிறுத்தலை?”

“ஹாலே வுழுந்து வுழுந்து சிரிச்சுகினு இருந்துச்சு. நடுவுல எந்திரிச்சு, இல்ல, எனக்குப் புரியலன்னு சொல்லணுமா? டீச்சருன்னு கூப்புடறவங்க முன்னாடியா?”

“கான்பூர் அக்காவுக்கும் தெரியாதா?”

கத்தி நின்றது. “அவ கேட்டதே இல்ல. நானும் வாயத் தொறந்தது இல்ல. தெரியாம இருக்குமா? ஒவ்வொரு பொங்கலுக்கும் அவ எங்க உக்காந்துகீறான்னுதான் மொதல்ல பாப்பேன்.”

அந்தப் பொங்கலுக்குத்தான் வந்தது வினை. மன்றத்துக்குப் புதுச் செயலாளர், இளம் எஞ்சினியர். புரொஜெக்டரும் பெரிய திரையும் வாங்கியிருந்தார். வீடு தேடி வந்து, “டீச்சர், இந்த வருஷம் நீங்க கஷ்டப்பட வேணாம். டிவிடியில கீழயே இங்கிலீஷ்ல எழுத்து வரும். நிம்மதியா உக்காந்து பாருங்க” என்று நல்ல மனசோடு சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. அவளிடம் படித்த பிள்ளைகள் எல்லாரும் இப்போது ஆங்கிலம் படிக்கிற பெரிய ஆட்கள். எல்லாரும் பொங்கலுக்கு வருவார்கள். “வாசல்ல பலகை மாட்டினு இத்தினி வருசமா ஊர ஏமாத்தினவன்னு நெனப்பாங்கடி” என்றாள். உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே இருந்துவிடு என்றேன். அதற்கும் ரோஷம் விடவில்லை.

கூடம் நிரம்பி வழிந்தது. அம்மாவை முதல் வரிசையில் விருந்தாளி மாதிரி உட்காரவைத்தார்கள். பக்கத்தில் நான். அந்தப் பக்கம் கான்பூர் அக்கா. திரையில் கல்யாண வீடு வந்தது, சீரியல் பல்பு மின்னியது, தோல் பையோடு மீசைக்காரர் நுழைந்தார். கூடம் அவரைக் கைதட்டி வரவேற்றது. அவர் வேலைக்காரனிடம் கிசுகிசுத்தார். கீழே வெள்ளை எழுத்தில் வந்தது: நான் மாப்பிள்ளையின் தகப்பன், யாரிடமும் சொல்லாதே.

கைதட்டல் அப்படியே அடங்கியது. “மாப்பிள்ளையோட அப்பாவா?” என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் எழுந்திருக்கப் போனாள்.

அதற்குள் கான்பூர் அக்கா எழுந்துவிட்டாள். புரொஜெக்டர் வெளிச்சத்துக்கு நேரே நின்றதால் திரையில் மீசைக்காரரை மறைத்துக்கொண்டு அவள் நிழல் விழுந்தது.

“அந்த எழுத்த நிறுத்துங்க! தப்புத் தப்பா போட்டுகீறான்” என்றாள்.

“மேடம், இது ஒரிஜினல் டிவிடி” என்றார் செயலாளர்.

“இன்னா பெரிய ஒரிஜினலு? ஹிந்தி என் பாஷையா, உன் பாஷையா? நான் கான்பூர்க்காரி சொல்றேன். இவரு கரண்ட்காரரு. டீச்சரு சொன்னதுதான் கரெக்டு.”

பிறகு பின்வரிசையிலிருந்து பழைய செயலாளர், இப்போது ரிட்டயர்டு, “ஆமாயா! எழுத்த எடு! டீச்சருக்குச் சேர் போடு!” என்று கத்தினார். அவ்வளவுதான், கூடமே கத்தியது. யாருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாருக்குமே புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். யாரோ அந்தப் பழைய இரும்பு நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றித் திரைக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

அம்மா போய் உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். “இவரு...” என்றதும் குரல் உடைந்தது. “ரீடிங் எடுக்க வந்தவரு!” என்று மிச்சத்தைக் கூடம் சொல்லி முடித்தது. அன்றைக்கு மாதிரி அவள் என்றைக்கும் கதை சொன்னதில்லை. நான் சிரித்தேனா அழுதேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

படம் முடிந்து மூவரும் சவுக்குத் தோப்பை ஒட்டி வீட்டுக்கு நடந்தோம். கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் அம்மா நின்றாள்.

“உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“மொத நாளே தெரியும்க்கா. இந்தப் படத்த நான் எங்க ஊரு தியேட்டர்லயே பாத்துட்டேன். அங்க ஒருத்தரும் சிரிக்கல, நானும் சிரிக்கல” என்றாள் அக்கா. “இங்க வந்து ஒரு மாசம், பேச ஆளு இல்ல. தெனம் அழுதுகினு இருந்தேன். ஊருக்கே திரும்பிடறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அன்னிக்குப் பாத்தா, அதே படத்துக்கு நீங்கல்லாம் அப்புடிச் சிரிக்கிறீங்க. இந்த டீச்சரு அப்புடி இன்னாதான் சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்காம போவக் கூடாதுன்னு தோணுச்சு. அதுக்குத்தான் மறுநாளே தமிழ் கத்துக்க வந்தேன்.”

அம்மா அவளையே பார்த்தாள். “அடிப்பாவி! நீ சண்டைக்கு வந்துகீறன்னு நெனச்சு, நான் பயந்துகினே கதவத் தொறந்தேன்” என்று சொல்லிவிட்டு, அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள்.