பிராம்ப்டர் சேஷனின் சொந்த வசனம்

திருவனந்தபுரத்தில் இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் மெகா சீரியல் எடுத்தவர்கள், வசனத்தை மனப்பாடம் செய்ய நடிகர்களுக்கு நேரம் கொடுப்பதில்லை. காமிராவுக்குப் பக்கத்தில் பிராம்ப்டர் நின்று உரக்கப் படிப்பார். நடிகர் அதைத் திருப்பிச் சொல்வார். குரலைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் பிறந்த சேஷன் அந்த வேலையில்தான் இருந்தான். மாமியாராகத் திட்டி, மருமகளாக அழுது, மாமனாராக நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்துவிட்டு டீ குடிக்கப் போவான்.

ஆனால் தனக்கென்று ஒரு வார்த்தை பேச வேண்டி வந்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

கரமனையில் வாடகை வீட்டில் அவனோடு இருந்தவன் தாசையன். மார்த்தாண்டத்துக்காரன், தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மானேஜர். பல வருஷமாக ஒரே அடுப்பு, ஒரே கட்டில், ஒரே சண்டை. புருஷன் பெண்டாட்டி மாதிரியா என்றால், அதைவிட மோசம். புருஷன் பெண்டாட்டி சண்டைக்காவது பஞ்சாயத்துப் பண்ண நாலு பேர் வருவார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை தஞ்சாவூரிலிருந்து சேஷனின் அக்கா வாலாம்பாள் வருவாள். உடனே தாசையன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். லுங்கி, சவர செட், சுவரில் தொங்கும் இயேசு படம் எல்லாம் பைக்குள் போகும். அந்த வீட்டில் குடியிருக்கிறவன் லாட்ஜில் போய் ஒளிவான். இந்தக் கண்றாவியை இரண்டு பேரும் வருஷாவருஷம் விடாமல் செய்தார்கள்.

அந்த வருஷம் அக்கா வருவதாகப் போன் செய்ததும் தாசையன் சொல்லிவிட்டான். "இந்த வாட்டி பையைத் தூக்குனா, பின்ன நான் திரும்பி வரமாட்டேன், கேட்டீரா அய்யரே. நான் ஆருன்னு ஒம்ம அக்காகிட்ட சொல்லும்."

"என்னன்னுடா சொல்றது?"

"ஊருக்கெல்லாம் வசனம் சொல்லிக் குடுக்குதீரு. ஒமக்கு நான் சொல்லித் தரணுமா?"

தாசையன் சொன்னால் சொன்னதுதான் என்பது சேஷனுக்குத் தெரியும்.

அக்கா வருகிற அன்றைக்குப் பார்த்து சீரியலில் இரண்டு ஆண்களின் காதல். டைரக்டர் அபிஜித்துக்குப் புரட்சி செய்கிற ஆசை வந்திருந்தது. அவன் புரட்சியில் ஒருவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான், இன்னொருவன் மழையில் நனைவான், கடைசியில் ஒருவன் விஷம் குடிப்பான். எழவு, இவன் ஒரு நாளாவது எவனோடாவது குடித்தனம் நடத்தியிருப்பானா என்று சேஷனுக்கு எரிந்தது.

ஷாட்டில் 'நீ இல்லாத உலகத்தில் எனக்கென்ன வேலை' என்று படிக்க வேண்டும். எரிச்சலில் இருந்த சேஷன், 'ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதே என்று எத்தனை தடவை சொல்வது' என்று படித்துவிட்டான். குழாய் மழையில் நனைந்துகொண்டிருந்த நடிகர், கண்ணீரோடு அதையே திருப்பிச் சொன்னார். செட்டே சிரித்தது.

அபிஜித் சிரிக்கவில்லை. "காதலிக்கிறவர்கள் இப்படியா பேசுவார்கள், சேஷேட்டா?" என்று மலையாளத்தில் கேட்டான்.

"வேறெப்படிப் பேசுவார்கள்?" என்றான் சேஷன்.

"விஷம் குடித்துச் செத்தால் வீட்டில் எல்லோரும் அழுவார்கள். உயிரோடு சேர்ந்து இருந்தால் சேனலை மாற்றிவிடுவார்கள்."

அந்தப் பேச்சு சேஷனைச் சுட்டது. செத்தால் பாவம், இருந்தால் அசிங்கமா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் டைரக்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தான். பாதி வழியில் திட்டு தன் பக்கம் திரும்பிவிட்டது. தாசையனை வருஷாவருஷம் கண் மறைவாகத் துரத்தியது எந்த டைரக்டர்?

வீட்டில் வாலாம்பாள் காபி குடித்துக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் தாசையன் பையோடு நின்றான்.

"உன் சிநேகிதராமே. காபி நன்னாப் போடறார். கிளம்பறேங்கறார்," என்றாள் அக்கா.

சேஷன் தாசையன் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தான். "சிநேகிதன் இல்லேக்கா. இது இவன் ஆம், இவன் வீடு. கல்யாணம் பண்ணிக்கோ, பண்ணிக்கோங்கறியே, பண்ணிண்டா எப்படி இருப்பேனோ அப்படித்தான் நானும் இவனும் இருக்கோம். இவன் எங்கேயும் போகமாட்டான்."

இடி இடிக்கவில்லை, யாரும் நெஞ்சைப் பிடிக்கவில்லை. வாலாம்பாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாசையன் பையிலிருந்து சட்டைகளை எடுத்துத் திரும்ப அடுக்கினான்.

காலையில் அக்கா, "முதல் வண்டிக்கே போறேன்," என்றாள். தம்பானூர் ஸ்டேஷனில் தாசையன் பெட்டியைத் தூக்கப் போனான், அவள் கொடுக்கவில்லை. ரயில் நகர்ந்தபோது சேஷன் ஜன்னலோடு கூடவே நடந்தான். வாலாம்பாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா போன பிறகு அவனுக்கென்று இருந்த ஒரே உறவு அது. சேஷன் பிளாட்பாரத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதான். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாசையன் அவன் முதுகில் கை வைத்தான்.

"நாத்தனாரு கோவிச்சுட்டுப் போறது எல்லா வீட்டிலயும் உள்ளதுதான் அய்யரே. வாரும், வீட்டுக்குப் போவோம்."