பிச்சிப்பூ மணக்காத காலை

“பூச்சந்தையில் அத்தானுக்கும் திருவேங்கடத்து அம்மாளுக்கும் சண்டை. பிச்சிப்பூ மணக்கவில்லை என்கிறார் அத்தான். நானும் ஆமாம் என்றேன்.” 2021 சித்திரை நடுவில் என் நாட்குறிப்பில் எழுதிய வரிகள் இவை. மழை பெய்த நாள், தேர் நிலைக்கு வந்த நேரம் என்று எதையாவது குறித்துவைப்பது என் பழக்கம். இதை ஒரு வேடிக்கையாகத்தான் அன்று எழுதினேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். சங்கரன்கோவில் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருந்தார். மற்றவர்கள் மொட்டின் நிறத்தைப் பார்த்து விலை சொல்வார்கள். அவர் ஒரு கை அள்ளி, கண்ணை மூடி முகர்ந்துதான் சொல்வார். அவர் மூக்குக்குச் சந்தையே கட்டுப்படும். அப்போது கொரோனாவுக்காகக் கோயில்களைப் பூட்டியிருந்தார்கள், பூவுக்குப் போக்கில்லை. திருவேங்கடம் ஊரிலிருந்து பூ கொண்டுவரும் அந்த அம்மாளின் கூடையில் அள்ளி முகர்ந்தவர் முகம் சுளித்தார். “என்னம்மா, நேத்துப் பூவா? மணமே இல்லையே.”

“அண்ணாச்சி, விடியுமுன்ன பறிச்சு மொத பஸ்ல கொண்டாரேன். பூ மணக்கலையா, ஒங்க மூக்கு அடச்சிருக்கா? போயி வேது பிடிச்சிட்டு வாங்க!”

சந்தை சிரித்தது. அத்தான் கூடையை என்னிடம் தள்ளினார். “ஏ மாப்ளே, நீ சொல்லு.” முகக்கவசத்தை இறக்கி முகர்ந்தேன். “ஆமா அத்தான், மணமில்ல” என்றேன். நாலு பேர் முன்னால் அக்கா வீட்டுக்காரர் பேச்சை மறுப்பது எங்கள் குடும்பத்தில் இல்லாத வழக்கம். அந்த அம்மாள் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு போனார்.

அன்று மாலை அத்தான் என்னைத் தனியே அழைத்தார். “மாப்ளே, மீன்கொழம்பும் மணக்கல. வெளிய மூச்சு விட்ராத. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா எவன் எங்கிட்ட பூவக் கொண்டாருவான்?” அக்காவின் பயம் வேறு. “ஏலே, தெருவுல தகரம் அடிச்சுட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போவேன்?” அதற்கும் ஆமாம் போட்டேன். காய்ச்சல் வந்தபோது மருந்துக்கடை மாத்திரையும் கபசுரக் குடிநீருமாக நாட்கள் போயின. கழிப்பறைக்கு நடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

இளம்வயது டாக்டரம்மா விவரம் கேட்டார். வயது சொன்னோம். சர்க்கரை உண்டு என்றோம். எப்போதிருந்து என்று கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தாள். தேதி சொல்ல ஊரில் என்னை விட்டால் யார்? காய்ச்சல் தொடங்கிய நாளைச் சொன்னேன். “அதுக்கு முன்னாடி மணம் தெரியாம இருந்துச்சா?” சக்கர நாற்காலியில் குனிந்திருந்த அத்தான் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார். “இல்ல டாக்டர்” என்றேன்.

மறுநாள் அந்த டாக்டரம்மா என்னிடம் சொன்னார்: “வயசு, சுகர், லேட்டா வந்தது, மூணும் சேர்ந்துட்டு சார்.” முதல் இரண்டையும் எங்களால் மாற்றியிருக்க முடியாது. மூன்றாவது எங்கள் கையில் இருந்தது. அந்த வாரமே அத்தான் போய்விட்டார். ஆயுள் முழுக்கப் பூ விற்ற மனிதரைப் பையில் சுற்றிக் கொடுத்தார்கள். அந்தப் பையின் மீது ஒரு முழம் பூ வைக்கவும் எங்களை விடவில்லை.

சென்ற வாரம் சந்தைக்குப் போயிருந்தேன். அதே அம்மாள், அதே பிச்சி. அருகில் போவதற்கு முன்பே மணம் வந்தது. “மோந்து பாருங்க அண்ணாச்சி” என்று அள்ளி நீட்டினார். என்னை அடையாளம் தெரிந்ததா, தெரியாது. அன்று அவரிடம் பாதி விலைக்கு எடுத்த பூ நினைவுக்கு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய குறிப்பை எடுத்தேன். சண்டைக்குச் சில நாள் முன்னால், சிவகிரிக்குத் துக்கத்துக்குப் போய்வந்ததிலிருந்து எனக்கு உடம்பு வலி என்று என் கையால் எழுதியிருக்கிறேன். அந்த வாரமெல்லாம் அத்தான் வீட்டில்தான் சாப்பிட்டேன். நான் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. அன்று அத்தானுக்காக ஆமாம் போட்டேனா, இல்லை எனக்கும் உண்மையிலேயே மணக்கவில்லையா? மணக்கவில்லை என்றால், நோய் என்னிடமிருந்து அவருக்குப் போயிருக்கலாம். குறிப்பில் ‘நானும் ஆமாம் என்றேன்’ என்று மட்டுமே இருக்கிறது. அன்று அந்தப் பூ எனக்கு மணத்ததா என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.