கெல்லவே பட்டறையின் வெல்டர்

வாசல் காவலாளி மணியை இரண்டு தடவை அடித்தால் மொதுசி கையிலிருக்கும் வெல்டிங் ஹோல்டரைப் போட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். முகக்கவசம் தகரக் குவியலுக்குப் பின்னால் போய்விடும். இன்ஸ்பெக்டர் பட்டறைக்குள் கால் வைக்கும்போது அவன் குனிந்து இரும்புத் தூள் கூட்டிக்கொண்டிருப்பான்.

ஜெர்மிஸ்டன் நகரத்தில் வெல்டிங், சட்டப்படி வெள்ளைக்காரனுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட வேலை. மொதுசி கறுப்பன்; நகரத்தில் தங்க அவன் வைத்திருக்கவேண்டிய அனுமதிப் புத்தகத்தில் 'துப்புரவாளன்' என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் கெல்லவே பட்டறையிலிருந்து வெளியே போன கொதிகலன்களில் பாதிக்கு மேல் அவன் கைபட்டவை. ஒரு வெள்ளை வெல்டருக்குக் கொடுக்கும் கூலியில் மொதுசி மாதிரி நான்கு பேரை வைத்துக்கொள்ளலாம். அதனால் மற்ற பட்டறைகளைவிடக் குறைந்த விலை சொல்லி ஆர்டர்களை அள்ளினார் முதலாளி கெல்லவே. ஆறு வருஷத்தில் ஒரு கொட்டகை மூன்றானது. சட்டத்துக்குக் கணக்குக் காட்ட ஹென்னி ஸ்வார்ட் என்ற வெள்ளைக்காரக் கிழவர், வெல்டர் என்ற பெயரில் இருந்தார். முழுச் சம்பளம். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து பைப் புகைத்துக்கொண்டிருப்பார். காகிதங்களில் கையெழுத்து அவருடையது.

அந்த ஆறு வருஷமும் மணிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டியபடியே மொதுசி வேலை பார்த்தான். காலையில் சோளக்களியை இரண்டு வாய்க்கு மேல் இறக்க முடியாது.

"மாட்டினா முதலாளிக்கு அபராதம், உனக்கு ஊரே கிடையாது. இது என்ன பொழப்பு?" என்பாள் அவன் மனைவி டினேயோ.

"துடைப்பத்துக்கு மட்டும் சம்பளம் வாங்கினா வாடகை யாரு குடுப்பா?" என்பான் இவன்.

அறுபத்தாறாம் வருஷம் ஜூலையில் ஒரு நாள். சலவைக்கூடம் ஒன்றுக்குப் போகவேண்டிய கொதிகலன். வெளியே லாரி காத்து நின்றது. அதன் தகடுகளை உருக்கிச் சேர்க்கும் கடைசி மூட்டு பாதியில் இருக்கும்போது மணி இரண்டு தடவை அடித்தது.

வந்த இன்ஸ்பெக்டர் புது ஆள், இளைஞர். கூட்டிக்கொண்டிருந்த மொதுசியின் முன்னால் வந்து நின்றார். அவன் கையில் பொறி பட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. கண் சிவந்திருந்தது.

"இது என்னடா?"

"கொல்லன் பட்டறையில வேலை பார்த்தப்போ பட்டதுங்க ஐயா. முன்னாடி."

இன்ஸ்பெக்டர் நம்பினாரா என்று தெரியவில்லை. பாதியில் நின்ற மூட்டைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் சுட்டது. விரலை உதறிக்கொண்டு ஹென்னியிடம் திரும்பினார். "நீங்கதானே பண்ணிட்டு இருந்தீங்க? முடிங்க. நான் பாக்கறேன்."

ஹென்னி வெல்டிங் ராடைக் கையில் எடுத்தே நான்கு வருஷம் இருக்கும். பொறி தாறுமாறாகத் தெறித்தது. மொதுசி துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தபடி ஓரமாக நின்றான். சத்தத்தை வைத்தே தெரிந்துவிட்டது அவனுக்கு. இரும்பு உருகிச் சேரவில்லை, மேலே ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டருக்கு வெல்டிங் தெரியாது. வெள்ளைக் கை ராடு பிடித்ததைப் பார்த்தது போதும் அவருக்கு. கெல்லவே அவர் தோளில் கைபோட்டுத் தேநீர் குடிக்க ஆபீசுக்கு அழைத்துப் போனார். போகிற போக்கில் "லாரியில ஏத்துங்கடா" என்றார்.

மொதுசி மூட்டைக் குனிந்து பார்த்தான். ஊசித் துளைகள்.

"ஹென்னி ஐயா, இது ஆவியைத் தாங்காதுங்க."

"எனக்குத் தெரியாதா? வாயை மூடு. இன்ஸ்பெக்டர் உள்ளேதான் இருக்கான்."

"சலவைக்கூடத்துல பொம்பளைங்க இதைச் சுத்தித்தான் நிப்பாங்க."

கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

துப்புரவாளனுக்கு மூட்டைப் பற்றி என்ன தெரியும்? தெரியும் என்று சொன்னால் அதுவே வாக்குமூலம். லாரியில் ஏற்றச் சங்கிலியைக் கட்ட நான்கு பேர் வந்துவிட்டார்கள். மொதுசி பக்கத்தில் கிடந்த கடப்பாரையைத் தூக்கினான், தடுக்கி விழுகிறவன் மாதிரி விழுந்தான். கொதிகலன் தலையிலிருந்த அழுத்த மீட்டர் அடிபட்டுக் கழுத்தோடு முறிந்தது. மீட்டர் இல்லாத கொதிகலனை அனுப்ப முடியாது.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். கெல்லவே அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். இன்ஸ்பெக்டர் கோப்பையும் கையுமாகச் சிரித்தார்.

"துடைப்பத்தைத் தவிர வேற எதையும் இவனுங்க கையில குடுக்கக் கூடாதுன்னு சும்மாவா சட்டம் போட்டாங்க?"

அவர் கார் போனபிறகு கெல்லவே திரும்பி வந்தார். மூட்டைப் பார்த்தார். பிறகு மொதுசியைப் பார்த்தார்.

"வேணும்னுதானே பண்ணினே?"

மொதுசி கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்து வைத்தான்.

"மீட்டர் காசை உன் சம்பளத்துல புடிச்சுக்குவேன். நாளைக்குள்ள இதை அறுத்துட்டு மறுபடி பத்த வை."

ஒன்பது மாதம் கழித்து ஒரு நாள் மணி அடிக்கவில்லை. இன்ஸ்பெக்டர்கள் இரண்டு பேர் பின்பக்கச் சந்து வழியாக வந்தார்கள். கவசத்துக்குள் இருந்ததால் மொதுசிக்கு எதுவும் தெரியவில்லை. தோளில் ஒரு கை விழுந்தது. கூட வேலை செய்பவன் என்று நினைத்து, "இருடா, முடிச்சிடறேன்," என்றான்.

கெல்லவே அபராதம் கட்டினார். ஒரு கொதிகலனில் வரும் லாபத்தில் பாதிகூட இல்லை அது. மொதுசியின் புத்தகத்தில் ஒரு முத்திரை விழுந்தது. எழுபத்திரண்டு மணி நேரத்தில் நகரத்தை விட்டுப் போகவேண்டும். அவன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஜெர்மிஸ்டனில். ஆனால் அவன் இனத்துக்கு அரசாங்கம் ஒதுக்கிய ஊர், அவன் கண்ணால் காணாத லெரூலெங். டினேயோ குழந்தைகளைக் கிளப்பி, பாயையும் பாத்திரங்களையும் கட்டினாள். ரயிலில் போகும்போது, பட்டறையில் அவன் இடத்தில் யாரை வைத்திருப்பார்கள் என்று கேட்டாள். "திங்கட்கிழமையே ஆள் வந்திருப்பான்," என்றான்.

லெரூலெங்கில் முள்ளும் தூசியும்தான். அவன் உடைந்த கலப்பையும் சட்டியும் பழுது பார்த்தான். இரண்டு குழந்தைகளில் சின்னது அங்கேதான் காய்ச்சலில் போனது. ஆஸ்பத்திரி முப்பது மைல்.

நான்கு வருஷம் கழித்து, லெரூலெங் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்தில், பெரிய கொட்டகை எழுந்தது. எல்லையோரம் தொழில் தொடங்கினால் வரிச் சலுகை, மலிவுக் கடன், குறைந்தபட்சக் கூலி என்ற பேச்சே கிடையாது. இங்கே கறுப்பன் வெல்டிங் செய்யலாம், சட்டமே அனுமதித்தது. பெயர்ப்பலகையில் கெல்லவே என்றிருந்தது.

ஆள் எடுக்கும் நாளில் அவரே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார், முடி நரைத்து.

"மொதுசி. உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேங்க முதலாளி."

"இந்தத் தடவை ஒளிய வேண்டாம். வெல்டர்னே எழுதறேன். ஆனா ஜெர்மிஸ்டன் சம்பளம் கிடையாது. அதுல பாதி."

"அது ரொம்பக் கம்மிங்க."

கெல்லவே பேனாவை மூடாமல் அவனுக்குப் பின்னால் நீண்ட வரிசையை மோவாயால் காட்டினார். இருநூறு பேர் இருப்பார்கள்.

மொதுசி புத்தகத்தை நீட்டினான்.

அன்று மாலை டினேயோ புத்தகத்தில் வெல்டர் என்று எழுதியிருந்த பக்கத்தை விரல் வைத்துத் தடவிப் பார்த்தாள். "இனிமே பயப்பட வேண்டாமில்ல?"

களியை உருட்டி வாயில் போட்டான். இறங்கவில்லை.

"காலையில நாலு மணிக்கே எழுப்பிவிடு," என்றான். "அந்த இருநூறு பேரும் நாளைக்கும் வாசல்லதான் நிப்பானுங்க."