மூன்றாம் ஓலை

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் தமிழாசிரியன். சபைக் கமிட்டியிலும் இருந்தேன். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்லக் காரணம் இருந்தால் இப்போதே சொல்லலாம் என்று போதகர், நாங்கள் ஐயர் என்று கூப்பிடுபவர், கேட்பார். யாரும் சொன்னதில்லை.

என் வீட்டு மாடியில் நூல் மில்லுக்குப் போகும் இரண்டு பெண்கள் நான்கு வருடம் குடியிருந்தார்கள். ஒருத்தி எங்கள் சபை. மற்றவள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, இந்து. அங்கே கோயிலில் தாயார் சூடிய மாலை பிரசாதமாகக் கிடைத்த அன்று, அதையே ஒருவர் கழுத்தில் ஒருவர் போட்டுக்கொண்டதாக என் மனைவியிடம் சொல்லியிருந்தார்கள்.

சபைக்காரிக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். முதல் ஓலை வாசித்த அன்று இருவரும் என்னிடம் வந்தார்கள். சபைக்காரிதான் பேசினாள்.

"நான் வாயத் தெறந்தா எங்கப்பா வெட்டிப்புடுவாரு. நீங்க எந்திரிச்சு, பொண்ணுக்குச் சம்மதமில்லைன்னு மட்டும் சொல்லுங்க ஐயா."

சரி என்றேன். பிறகு நாலு பேரிடம் கருத்துக் கேட்கப் போனேன். கோழைகள் அதைத்தான் செய்வார்கள். பெண்ணும் பெண்ணும் சேர்ந்திருப்பது பாவம் என்றார் போதகர். தினமும் நாமம் போட்டு வரும் கணக்கு வாத்தியார் சிரித்தார்.

"ஆம்பளை இல்லாம கல்யாணம் ஏது ஓய்? கல்யாணமே இல்லைங்கேன், பாவம் எங்கிட்டு இருந்து வந்துச்சு?"

போதகர் அவர்களுக்கு நரகத்தையாவது கொடுத்தார். இவர் அதையும் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குச் சம்மதமா என்று இரண்டு பக்திமான்களும் கேட்கவில்லை. சம்மதமில்லை என்று நானும் சொல்லவில்லை.

மூன்றாம் ஞாயிறு. தடை உண்டா என்று போதகர் கேட்டார். எழுந்தேன். பெண்கள் பக்கம் அவள் தலை நிமிர்ந்தது. முன்வரிசையில் அவள் அப்பா திரும்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளைக்கு ஊர் தளவாய்புரம் இல்லை ஐயரே, மம்சாபுரம்."

போதகர் நன்றி சொல்லித் திருத்திக்கொண்டார். அவள் மறுபடி குனிந்தவள்தான்.

வாசலில் மற்றவள் நின்றிருந்தாள்.

"நீங்க எந்திரிச்சதப் பாத்தேன் ஐயா. என்ன சொன்னீக?"

சொன்னேன்.

"நல்லது ஐயா. இனி மாப்பிள்ளை வழி தவறாம வந்து சேந்துருவாரு."

வந்து சேர்ந்தார். மற்றவள் மாடியைக் காலி செய்துவிட்டுப் போனாள். நான் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து, கறிச்சோறு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றேன்.