எழுதிக்கொடு அக்கா வாங்காத சீட்டு

எங்கள் சர்ச்சின் பங்கு அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் அக்காவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அவளுக்கே மறந்துபோயிருக்கும். எங்களுக்கு அவள் எழுதிக்கொடு அக்கா. யார் எதற்கு வந்தாலும் தலையை நிமிர்த்தாமல் அவள் சொல்வது அது ஒன்றுதான். குழந்தைக்கு ஞானஸ்நானமா, எழுதிக் குடு. இறந்தவருக்குப் பூசையா, எழுதிக் குடு. ஒலிபெருக்கி கரகரக்கிறது என்று ஒருமுறை பங்குத்தந்தையே வந்து சொன்னார். அவரிடமும் ஒரு துண்டுச் சீட்டை நீட்டிவிட்டாள்.

அவள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பீடத்திலிருந்து சொல்லும் அறிவிப்பு எங்கள் பங்கில் யார் காதிலும் ஏறியதில்லை. அறிவிப்பு என்றதும் பாதிப் பேர் கைப்பையைத் தேடுவார்கள், மீதிப் பேர் இருமுவார்கள். அவள் அடிக்கும் ஞாயிறு மடலின் கதை வேறு. ஒரே தாள்தான். ஆனால் அது வீட்டுக்குப் போகும், பிரிட்ஜ் கதவில் வாரம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் கைக்கும் போய்ச் சேரும். "கோயிலுக்கு வர முடியாதவங்களுக்கு இந்தத் தாள்தாண்டி கோயில்" என்பாள். சனிக்கிழமைகளில் அவளோடு உட்கார்ந்து மடலை மடிப்பது என் வேலை. ஓரம் சேரவில்லை என்று வாராவாரம் திட்டு வாங்குவது என் சம்பளம்.

அந்த வாரம் ஆர்கன் மாமா ஆஸ்பத்திரியில் இருந்தார். பாடகர் குழுவில் நாங்கள் எந்தச் சுருதிக்கு ஓடினாலும் ஆர்கனோடு பின்னாலேயே வந்து மானத்தைக் காப்பாற்றுகிற மனிதர். திங்கட்கிழமை காலையில் அவருக்கு இதய ஆபரேஷன். பயந்துபோயிருந்தார். வார்டிலிருந்து அக்காவுக்குப் போன் செய்தார்.

"ஞாயித்துக்கிழமை எங்க அப்பா ஆன்மாவுக்கு ஒரு பூசை வைக்கணும்மா. மடல்ல அவர் பேர் வரணும். அதப் பாத்துட்டு உள்ள போனா தைரியமா இருக்கும்."

நெஞ்சைத் திறக்கப் போகிற மனுஷனிடம் சீட்டு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. "போட்டுடறேன் மாமா, நீங்க கவலப்படாதீங்க" என்றாள். அப்பாவின் பெயரைக் கேட்பதற்குள் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று, ஓர் அடையாளத்துக்காக, இறந்தோர் பட்டியலின் கடைசி வரியில் மாமாவின் பெயரையே அடித்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ திருமணச் சான்றிதழ் கேட்டு வந்து நின்றார்கள். அந்தப் 'பிறகு' வரவே இல்லை. மடல் அச்சானது. நானும் கோணல்மாணலாக மடித்து அடுக்கிவிட்டேன். படித்துப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு முதல் பூசை முடிந்து வாசலில் மடல் கொடுத்துக்கொண்டிருந்தோம். பேக்கரிக்காரர் வாங்கி விரித்தார். கண்ணை மூடிச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"ஆர்கன்காரர் எப்ப போனாரு? நேத்துகூட நல்லாத்தானே பேசினாரு."

அக்கா அவர் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள். கடைசி வரியைப் படித்ததும் என் பக்கம் திரும்பினாள். "கண்டக்டர் அண்ணன் எங்கடி?" என்றாள்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோகிறவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். பஸ்ஸில் ஆயுசெல்லாம் கத்தியவர், நற்கருணைச் சிமிழ் நெஞ்சோடு இருக்கும்போது வாயே திறக்கமாட்டார். போனையும் அணைத்துவிடுவார். எங்கும் நிற்காமல் போவார். சிமிழோடு ஆளுக்கொரு மடலும் எடுத்துப் போவார். பூசையில் நற்கருணை கொடுத்து முடிந்த கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டிருந்தார்.

"மாமிக்குப் போன் பண்ணு" என்றேன்.

"என்னன்னு சொல்ல? உங்க வீட்டுக்காரர செத்தவங்களோட சேத்துட்டேன்னா? அவங்க அவர் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்கடி."

சொல்லிக்கொண்டே அடித்தும் பார்த்தாள். யாரும் எடுக்கவில்லை.

என் ஸ்கூட்டரில் போனோம். பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிய்த்துக்கொண்டு வந்தாள். "அவர் அதப் படிச்சுட்டு நாளைக்கு எப்படிடி போய்ப் படுப்பாரு? மனசு விட்டுடுவாரே" என்று காதுக்குள் ஓயாமல் புலம்பல். ஒரு சிவப்பு விளக்கை நான் மதிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் அதற்கும் திட்டியிருப்பாள்.

ஆஸ்பத்திரி மாடியில், வார்டு வாசலில், கண்டக்டர் அண்ணன் எதிரே வந்தார். சிமிழ் காலி. வாயைத் திறந்தார்.

"என்ன, ரெண்டு பேரும் ஓடி வர்றீங்க?"

"மடல் குடுத்துட்டீங்களாண்ணே?"

"குடுத்துட்டேனே. மாமி கையில."

கதவு பாதி திறந்திருந்தது. மாமா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மாமி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மடலைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். பாடல் பயிற்சி இல்லை என்பதை வாசித்தார். நோயாளிகளுக்காக வேண்டுவோம் என்பதை வாசித்தார். இறந்தோர் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், விரல் உள்ளே இறங்கியது. கடைசி வரிக்கு வந்து மாமி நின்றுவிட்டார்.

பிறகு ஒரு பெயரை வாசித்தார். பழைய காலத்துப் பெயர். நாங்கள் இருவரும் கேள்விப்பட்டதே இல்லை.

மாமா கண் திறக்கவில்லை. "அப்பா பேர் வந்துடுச்சா?"

"வந்திருக்கு."

"சரியா போட்டிருக்காளா?"

"சரியாத்தான் போட்டிருக்கா. நீங்க தூங்குங்க."

மாமியின் குரலில் ஒன்றும் தெரியவில்லை.

சற்று நேரத்தில் மாமா அசந்துவிட்டார். மாமி வெளியே வந்து கதவைச் சாத்தினார். அக்கா அழுதே விட்டாள். என்ன நடந்ததென்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் கறாரா இருந்துட்டு எங்ககிட்ட மட்டும் எதுக்கு இரக்கப்பட்ட?" என்றார் மாமி. கோபம்தான். அதைவிடப் பயம் அதிகம். "எந்திரிச்சதும் கண்ணாடி கேப்பாரு. அதுக்குள்ள மாமனார் பேரோட புதுசா ஒண்ணு அடிச்சுக் கொண்டா."

அக்கா தலையாட்டிவிட்டு, தப்பான தாளை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். மாமி கொடுக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இது எங்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு அவர் நல்லபடியா வெளிய வந்துட்டா, அவர்கிட்டயே காட்டி உன்ன வாழ்நாள் முழுக்க கிண்டல் பண்ணுவோம்."

கதவில் கை வைத்தவர், திரும்பாமலே சொன்னார்.

"வரலன்னா, நீ எழுதுனது தப்பில்லம்மா."