புகைக்கறிக்கு ஒரு தெர்மாமீட்டர்

சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டில் புகைக்கறிக் கடை வைத்திருக்கும் இசக்கித்துரைக்கு யார் மேலும் லேசில் நம்பிக்கை வராது. கரி மூட்டை வந்து இறங்கினால், நடுவில் ஈரக்கரியை வைத்திருப்பார்கள் என்று அடிவரை கையை விட்டுத் துழாவுவார். பால்காரர் எதிரே வந்தால் கேனைத்தான் முதலில் பார்ப்பார். குவைத்தில் ஓட்டல் சமையல் வேலை என்று கூட்டிப்போன ஏஜென்ட், கோடவுனில் மூட்டை தூக்க விட்டுவிட்டுக் காணாமல் போனதிலிருந்து இப்படித்தான். பிறகு ஒரு அரபி வீட்டுச் சமையலறையில் இடம் கிடைத்தது. குளிர்காலத்தில் அந்தக் குடும்பம் பாலைவனத்தில் கூடாரம் போடும். அங்கேதான் ஆட்டுத்தொடையை மூடிய டிரம்முக்குள் தொங்கவிட்டு, நேரம் எடுத்துப் புகையிலேயே வேகவைக்கப் பழகினார்.

அங்கிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரின் கம்பியைக் கார்த்திகை மாதம் எலி கடித்துவிட்டது. கைப்பழக்கத்தில் சமாளிக்கலாம் என்று பார்த்தார். வெயில் காலமாக இருந்தால் சமாளித்திருப்பார். அடைமழைக்குப் பிந்திய ஊதக்காற்றில் டிரம்மின் சூடு நிற்கவே இல்லை. கடையநல்லூரிலிருந்து எப்போதும் ஆர்டர் கொடுக்கும் ரிஸானா, தயங்கித் தயங்கி போனில் சொன்னாள்.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க அண்ணாச்சி. எலும்போரம் கொஞ்சம் வேகல."

இரண்டு நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்றால், குளிரும் புகையும் சேர்ந்து மூச்சிரைப்பு வந்துவிடுகிறது. கடைக்குள் உட்கார்ந்தபடியே, பின்னால் வீட்டுக் கொல்லையில் வேகும் கறியின் சூட்டைப் பார்க்க ஏதாவது வேண்டும். செல்போன் கடை மாரிக்கண்ணனிடம் சொல்லிவைத்தார். அவன் இரண்டை வரவழைத்திருந்தான்.

"இதுல கம்பியே கிடையாது அண்ணாச்சி," என்று பேனா போல ஒன்றை நீட்டினான். "கறியில குத்திட்டு மூடிய மூடிர வேண்டியதுதான். சூடு உங்க போன்ல தெரியும்."

"கம்பி இல்லாம உள்ள இருக்க சூடு எப்படிலே வெளிய வரும்? டிரம்மு இரும்புல்லா."

"அதெல்லாம் வந்துரும். ரிவியூ பாருங்க, எல்லாம் அஞ்சு ஸ்டாரு."

"எழுதுனவன் எவனாவது மார்கழி மாசம் இரும்பு டிரம்முக்குள்ள வச்சுப் பாத்தானா?"

மாரிக்கண்ணன் அடுத்ததை எடுத்து வைத்தான். இரண்டாவது கொஞ்சம் பழைய மாதிரி. இரண்டு கம்பிகள், ஒன்றைக் கறியில் குத்த வேண்டும், இன்னொன்று டிரம்மின் சூட்டைப் பார்க்க. இரண்டும் மூடி இடுக்கு வழியாக வெளியே வந்து ஒரு சின்னப் பெட்டியில் சேரும். அந்தப் பெட்டி, சட்டைப்பையில் வைத்திருக்கும் இன்னொரு பெட்டிக்குச் சூட்டை அனுப்பும்.

"ரெண்டையும் கொண்டுபோய்ப் பாத்துட்டு, வேண்டாததைத் திருப்பித் தாங்க," என்றான். அவன் இவ்வளவு தாராளமாகச் சொன்னதே இசக்கித்துரைக்கு உறுத்தியது.

வீட்டில் ஐஸ் தண்ணீரில் முக்கினார், கொதிக்கிற தண்ணீரில் முக்கினார். இரண்டும் ஒரே சூட்டைக் காட்டின.

"அப்புறம் என்ன?" என்றாள் மனைவி பொன்செல்வி.

"ஒரே ஆளு செஞ்சதா இருக்கும். பொய் சொன்னாலும் ரெண்டும் ஒண்ணு போலத்தான் சொல்லும்."

ஞாயிற்றுக்கிழமை ரிஸானா வீட்டில் விருந்து. துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் அண்ணனுக்காக அவளே கடையநல்லூரில் கறி வாங்கிக் கொடுத்தனுப்பியிருந்தாள். விடிந்ததும் கருவேலங்கரியைப் பற்றவைத்து, கொய்யாக்கட்டை இரண்டை மேலே போட்டு, ஒரே தொடையில் இரண்டு தெர்மாமீட்டரையும் குத்தி மூடினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒன்பது மணி வரை கொல்லையிலேயே சுற்றிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கடைக்குள் வந்து உட்கார்ந்தார்.

போனில் அறுபத்துநாலு என்று வந்தது. அங்கேயே நின்றது. சட்டைப்பையில் இருந்த பெட்டியில் மட்டும் எண் மெல்ல ஏறி எழுபதைத் தாண்டியது. எது பொய் சொல்கிறது? கம்பியில்லாததுதான் விலை கூடியது; விலை கூடிய பொருள் பொய் சொல்லாது என்று அவருக்குப் பட்டது. யாரோ மூடியைத் திறந்திருக்க வேண்டும், அதனால்தான் சூடு ஏறவில்லை.

போனைக் கடையிலேயே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். சேற்றில் டிரம் வரைக்கும் செருப்புத்தடம். சுவரோரம் கிடந்த தகரம், டிரம்முக்கு வடக்கே செங்கல் முட்டுக் கொடுத்து நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"ஏட்டி, மூடிய எதுக்குத் தொறந்த?"

"நான் எங்க தொறந்தேன்? காத்து நேரா அடிக்குதேன்னு தகரத்தை வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா 'எதுக்கு'ங்கீக, 'யாரு சொன்னா'ங்கீக. அதான் சொல்லல."

கோபத்தில் தகரத்தைப் பிடுங்கிச் சுவரோரம் எறிந்துவிட்டுக் கடைக்குள் போனார். பொன்செல்வி வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சட்டைப்பையிலிருந்த பெட்டி கத்தத் தொடங்கியது. டிரம்மின் சூடு நூற்றிருபதிலிருந்து தொண்ணூற்றுக்கு இறங்கிவிட்டது. போனில் இன்னும் அதே அறுபத்துநாலு. போனைக் கையில் பிடித்துக்கொண்டே கொல்லைக்கு நடந்தார். டிரம்மை நெருங்கியதும் போனில் இருந்த எண் ஒரே தாவலில் எழுபத்தாறு ஆனது. பெட்டியிலும் எழுபத்தாறு.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. உள்ளே போனதும் போனுக்குத் தொடர்பு அறுந்திருக்கிறது. அறுந்ததைச் சொல்லாமல், கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

பெட்டியையும் அவர் சோதிக்காமல் விடவில்லை. அதை எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார். தூரம் கூடியதும் எண் மறைந்து வெறும் கோடுகள் வந்தன. கீச்சென்று ஒரு சத்தமும் போட்டது. திரும்பி வந்து, சேற்றில் குனிந்து தகரத்தை எடுத்து, செங்கலை முட்டுக் கொடுத்தார். டிரம்மின் சூடு மெல்ல ஏறத் தொடங்கியது.

"இதை அங்கனயே நட்டுக் கட்டிரட்டுமா?" என்றார், வெங்காயத்தைப் பார்த்தபடி.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கீக?"

"நீதான வச்ச."

"கொஞ்சம் சாச்சு வைங்க. புகை போக வழி வேணும்," என்றாள். அவர் சாய்த்து வைத்தார்.

கறியின் சூடு தொண்ணூற்றைந்து என்று பெட்டி காட்டிய பிறகும், எலும்போரம் கத்தியை இறக்கிப் பார்த்துத்தான் கறியைக் கட்டிக் கொடுத்தார். கம்பியில்லாததைத் துடைத்து, அது வந்த அட்டைப்பெட்டியில் போட்டு, மாரிக்கண்ணனிடம் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் ரிஸானா போன் செய்தாள். "எலும்பு தனியா கழண்டு வந்துட்டு அண்ணாச்சி. அண்ணன் உங்க கடையைப் பாக்கணும்ங்காங்க."

போனை வைத்துவிட்டு இசக்கித்துரை பொன்செல்வி பக்கம் திரும்பினார்.

"நெசமாத்தான் சொல்லுதாளா, மனசு நோகக்கூடாதுன்னு சொல்லுதாளா?"

"அவங்க அண்ணன் வரும்போது கேட்டுக்கிடுங்க," என்று பொன்செல்வி சோற்றை வைத்தாள்.