புரட்டிப் போட்ட சட்டை

மொன்றியலிலிருந்து ஒரு மணிநேரத் தொலைவில், ஒரு திராட்சைத் தோட்டத்தில் நாங்கள் நான்கு நண்பர்கள் நிற்கிறோம். நாளை காலை, குடியை விட நினைப்பவர்களுக்கான மறுவாழ்வு இல்லத்துக்கு நிதி சேர்க்க நடக்கப்போகிறோம். அந்த இல்லத்தின் பெயர் நெஞ்சில் அச்சிட்ட, நடைக்கான நீலச் சட்டையை இன்றே மாட்டிக்கொண்டு வந்தது வாசலில்தான் உறைக்கிறது. காருக்குள்ளேயே கழற்றிப் புரட்டிப் போட்டுக்கொள்கிறோம்.

வைன் ஊற்றும் பெண், சுவைத்துவிட்டுத் துப்புவதற்கு ஒரு வாளியை நகர்த்தி வைக்கிறாள்.

“வந்த இடத்தில துப்புறதோ? மரியாதை இல்லை. விழுங்குங்கோ,” என்கிறார் செல்வம் அண்ணை.

கார் ஓட்டும் தவத்துக்கு மட்டும் விலக்கு. மற்ற மூவருக்குள்ளும் ஐந்து கிளாஸ் மரியாதை இறங்குகிறது.

அந்தப் பெண்ணோ ஒவ்வொரு வைனையும் முகர்ந்து பார்த்தே விளக்குகிறாள்.

“நீங்கள் குடிப்பதில்லையா?” எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்கிறேன்.

“பதினொரு வருடமாக இல்லை.” என் நெஞ்சில் இடம்வலம் மாறித் தெரியும் எழுத்துகளைப் பார்த்துச் சிரிக்கிறாள். “அந்த இல்லத்தில்தான் விட்டேன். நாளைக்கு நானும் நடக்கிறேன். எட்டு மணிக்கு, பிந்தாதீர்கள்.”

செல்வம் அண்ணையின் வாய் நிறைய ஆறாவது வைன் இருக்கிறது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னைப் பார்க்கிறார்.